சூடு போகும் இடம்

1953 ஜூன் மாதம் பிரான்சின் லெ மான் நகரில் நடந்த 24 மணி நேரப் பந்தயத்தில், நேர்ச்சாலையில் ஜாகுவாரை விட வேகமாக ஓடியது அமெரிக்காவின் கன்னிங்ஹாம் சி-5ஆர். அதில் இருந்தது கிறைஸ்லர் வி-8 எஞ்சின், 310 குதிரைத்திறன். ஜாகுவார் சி-டைப்பின் ஆறு சிலிண்டர் எஞ்சினுக்கு 220தான். தொண்ணூறு குதிரைகள் குறைவாக வைத்திருந்த ஜாகுவார் முதலிடத்தையும் இரண்டாமிடத்தையும் எடுத்துக்கொண்டது. கன்னிங்ஹாம் மூன்றாவது.

விஷயம் நேர்ச்சாலையில் இல்லை, அது முடியும் இடத்தில் இருந்தது. முல்சான் என்ற அந்தச் சாலை அன்று ஏறத்தாழ ஆறு கிலோமீட்டர், இடையில் தடை எதுவும் கிடையாது. மணிக்கு 240 கிலோமீட்டரில் வந்த கார், கடைசியில் ஒரு வலது திருப்பத்துக்காக அறுபதுக்கு இறங்க வேண்டும். கன்னிங்ஹாமின் டிரம் பிரேக் 17 அங்குலக் குறுக்களவு. அன்றைக்குக் கிடைத்த டிரம்களில் அதற்கு மேல் யாரும் ஆசைப்பட முடியாது. ஆனாலும் அதை ஓட்டியவர்கள் பிரேக்கைக் காப்பாற்றிக்கொண்டே ஓட்ட வேண்டியிருந்தது. முன்கூட்டியே காலை எடுத்து, காரைத் தானாக வேகம் தணிய விட்டு, பிறகுதான் மிதிக்க வேண்டும். ஜாகுவார்க்காரர்கள் அவர்களைத் தாண்டிப் போய் மிதித்தார்கள்.

இதில் ஒரு கணக்கு போட்டுப் பார்க்கலாம். ஓட்டுநர், பெட்ரோல் எல்லாம் சேர்த்து கார் ஒரு டன் என்று வைத்துக்கொள்வோம். 240இலிருந்து 60க்கு இறங்கினால் சுமார் 20 லட்சம் ஜூல் சக்தி எங்காவது போயாக வேண்டும். ஏழு லிட்டர் பச்சைத் தண்ணீரை அடுப்பில் வைத்துத் தளதளவென்று கொதிக்க வைக்க எவ்வளவு சூடு வேண்டுமோ, அவ்வளவு. அடுப்பில் அதற்குக் கால் மணி நேரம் பிடிக்கும். இங்கே சில வினாடிகள்தான். காற்றும் டயரும் எஞ்சினும் கொஞ்சம் வாங்கிக்கொள்ளும். மிச்சம் முழுவதும் நான்கு சக்கரங்களுக்குள் இருக்கும் இரும்பில் இறங்கும். நாலரை நிமிடம் கழித்து அதே திருப்பம் மறுபடி வரும். ஒரு நாள் முழுக்க முந்நூறு முறை. பிரேக் காரை நிறுத்துகிறது என்று நாம் சொல்வது பாதிதான் சரி. ஓட்டத்தைச் சூடாக மாற்றி, அந்தச் சூட்டை எங்காவது தள்ளிவிடுவதுதான் அதன் வேலை. எங்கே தள்ளுவது என்பதில்தான் டிஸ்க் பிரேக்கின் வரலாறே இருக்கிறது.

டிரம் பிரேக் சூட்டை ஒரு மூடிய பானைக்குள் அடைக்கிறது. உள்ளே இரண்டு ஷூ விரிந்து டிரம்மின் உள்சுவரை அழுத்தும். டிரம் சூடானால் விரியும். விரிந்தால் ஷூவை விட்டு விலகும். பெடல் இன்னும் ஆழமாகப் போகும். ஷூவின் மேல் ஒட்டிய லைனிங்கில் இருக்கும் பசை வேக ஆரம்பித்தால் பிடிமானமும் குறையும். டிரம்முக்கு ஒரு நல்ல குணம் உண்டு: சுழற்சியே ஷூவை உள்ளே இழுத்து, காலின் அழுத்தத்தைப் பெருக்கிக் கொடுக்கும். ஆனால் பிடிமானம் இறங்கும்போது அந்தச் சரிவையும் அதே அளவுக்குப் பெருக்கிக் கொடுக்கும். நல்ல நாளில் உதவிய அதே குணம் கெட்ட நேரத்தில் காலை வாரிவிடும். மலைப்பாதையில் இறங்கும் பழைய பஸ்களில் லைனிங் கருகும் வாசனை பிடித்தவர்களுக்கு மேற்கொண்டு விளக்க வேண்டியதில்லை.

டிஸ்க் இதைத் திருப்பிப் போடுகிறது. திறந்தவெளியில் சுழலும் ஒரு தட்டு. இருபுறமும் இரண்டு பேட். நடுவில் நசுக்குவது மட்டுமே வேலை. சூடேறினால் தட்டு தடிக்கும், அதாவது பேட்டை நோக்கித்தான் வரும். காற்று நேரே படும். இவ்வளவு எளிய யோசனை ஏன் 1953 வரை காத்திருந்தது என்று தோன்றும். காத்திருக்கவில்லை. பர்மிங்ஹாமில் ஃப்ரெடரிக் லான்செஸ்டர் 1902இலேயே இதற்குக் காப்புரிமை வாங்கிவிட்டார். பேட்டுக்கு அவர் செம்பைப் பயன்படுத்தினார். அன்றைய புழுதிச் சாலையில் செம்பு சீக்கிரம் தேய்ந்தது. இரும்பும் செம்பும் உரசும் கிறீச்சொலி ஊரையே கூட்டியது. சத்தத்துக்கு மருந்து சில ஆண்டுகளில் கிடைத்தது. ஃபெரோடோ நிறுவனத்தைத் தொடங்கிய ஹெர்பர்ட் ஃப்ரூட் ஆஸ்பெஸ்டாஸ் லைனிங்கைக் கொண்டுவந்தார். அதற்குள் உலகம் டிரம்முக்குப் பழகிவிட்டது. சாதாரண வேகத்தில் டிரம் நன்றாகவே பிடித்தது. மாற்ற யாருக்கும் அவசரம் இல்லை.

அமெரிக்காவில் கிராஸ்லி என்ற குட்டிக் கார் 1949இல் டிஸ்க்கோடு வந்தது. குளிர்காலத்தில் பனி உருகச் சாலையில் கொட்டும் உப்பு, பேட்டை அழுத்தும் கேலிப்பரை அரித்துப் பிடித்துக்கொள்ள வைத்தது. கம்பெனி டிரம்முக்கே திரும்பிப் போனது. இந்தத் தட்டுக்கு உண்மையில் புகலிடம் கொடுத்தது விமானம். தரையிறங்கும் விமானத்துக்குச் சின்னச் சக்கரம், பெரிய பாரம், ஒரே ஒரு வாய்ப்பு. டன்லப் கம்பெனியின் விமானப் பிரிவு இங்கிலாந்தில் இதைச் செய்துகொண்டிருந்தது. ஜாகுவார் தொழிற்சாலை இருந்த அதே கோவென்ட்ரியில்தான் டன்லப்பின் இந்த வேலையும் நடந்தது. விமான பிரேக்கைக் காரில் மாட்டிப் பார்ப்போமே என்று இரு தரப்பும் பேசத் தொடங்கியதில் ஆச்சரியமில்லை.

ஆனால் விமானம் ஒருமுறை நிற்கும், பிறகு நிதானமாக ஆறும். பந்தயக் காருக்கு ஆற நேரமில்லை. டன்லப்பின் ஹெரால்ட் ஹாட்கின்சனும், 1952 தொடக்கத்தில் ஜாகுவாரில் சேர்ந்த சோதனை ஓட்டுநர் நார்மன் டூயிஸும் பழைய போர்க்கால விமானத் தளங்களில் ஓட்டி, மிதித்து, மறுபடி ஓட்டிச் சோதித்தார்கள். தட்டும் பேட்டும் தாங்கின. தாங்காதது வேறு இடம்.

முதலில் பிரேக் ஆயில். பேட்டின் வழியாகச் சூடு பின்னால் பிஸ்டனுக்குப் போகும், பிஸ்டனிலிருந்து ஆயிலுக்கு. ஆயில் கொதித்தால் குமிழி. திரவத்தை அமுக்க முடியாது, அதனால்தான் பெடலின் அழுத்தம் சக்கரம் வரை போகிறது. குமிழியை அமுக்கலாம். அப்போது பெடல் மெத்தென்று தரை வரை போகும், கார் நிற்காது. முன்னறிவிப்பும் பெரிதாக இருக்காது. போன திருப்பத்தில் பிடித்த பிரேக், இந்தத் திருப்பத்தில் இல்லை.

அடுத்தது இன்னும் விநோதம். வளைவில் காரின் பாரம் ஒரு பக்கம் சாயும்போது ஹப் கொஞ்சம் வளையும். மில்லிமீட்டரில் ஒரு பங்குதான். டிரம்முக்கு அது தெரியவே தெரியாது. டிஸ்க்கில் தட்டு சாய்ந்து, பேட்டைப் பின்னுக்குத் தள்ளிவிடும். அடுத்த முறை மிதிக்கும்போது அந்த இடைவெளியை மூடவே பெடலின் முதல் மிதி செலவாகிவிடும். இதற்கு ஓட்டுநர்கள் கண்ட வழி, நேர்ச்சாலையிலேயே பெடலை மெல்ல ஒரு தட்டு தட்டி, பேட் இருக்கிறதா என்று காலால் விசாரித்துக்கொள்வது. ஹப், பேரிங் எல்லாவற்றையும் கெட்டிப்படுத்திய பிறகுதான் அந்தத் தொல்லை குறைந்தது. பிரேக்கை மாற்றப் போனவர்கள் ஆக்சில் முனையைச் சரிசெய்துகொண்டிருந்தார்கள். பழைய காரில் கை வைத்த எவருக்கும் இது தெரிந்த கதைதான்: ஒன்றைப் பலப்படுத்தினால், அதற்கு அடுத்து நிற்பது பல்லைக் காட்டும்.

டிரம்மின் இழுத்துக்கொள்ளும் குணம் டிஸ்க்குக்குக் கிடையாது. அதனால் காலுக்குப் பலம் அதிகம் வேண்டும். கியர்பாக்ஸால் ஓடும் ஒரு பிளெஸ்ஸி பம்ப்பை வைத்து மிதிக்குத் துணைபலம் கொடுத்தார்கள்.

1952 மே மாதம் இத்தாலியின் மில்லே மில்யா பந்தயத்துக்கு டிஸ்க் போட்ட ஒரு சி-டைப் போனது. ஸ்டர்லிங் மாஸ் ஓட்ட, டூயிஸ் பக்கத்தில். பொதுச் சாலையில் ஆயிரம் மைல். பிரேக் நின்று பிடித்தது. ஸ்டியரிங் அடிபட்டுக் கடைசிப் பகுதியில் விலக வேண்டியதாயிற்று. ஆனால் நேர்ச்சாலையில் மெர்சிடிஸ் 300 எஸ்எல் தன்னைத் தாண்டிப் போனதை மாஸ் மறக்கவில்லை. லெ மானுக்கு இன்னும் வேகம் வேண்டும் என்று கோவென்ட்ரிக்குத் தந்தி பறந்தது. விமானத் துறையிலிருந்து வந்த மால்கம் செய்யர் சில வாரங்களில் மூக்கு தாழ்ந்த புதிய உடல் ஒன்றை வரைந்தார். தாழ்ந்த மூக்குக்கு இடம் கொடுக்க ரேடியேட்டர் ஏற்பாட்டை மாற்றினார்கள். அந்த ஆண்டு லெ மானில் மூன்று ஜாகுவாரும் எஞ்சின் சூடேறிச் சில மணி நேரத்திலேயே வெளியே வந்தன. பிரேக்கின் சூட்டுக்கு வழி கண்டவர்கள் எஞ்சினின் சூட்டில் மாட்டிக்கொண்டார்கள். அவசரத்தில் செய்த வேலைக்கு இதைவிடத் தெளிவான உதாரணத்தைத் தேடிப் பிடிக்க முடியாது. இரண்டு வாரத்தில், ஜூன் 29 அன்று, ரீம்ஸ் நகரில் பழைய உடலும் புதிய டிஸ்க்கும் கொண்ட சி-டைப்பில் மாஸ் ஜெயித்தார். டிஸ்க் போட்ட ஜாகுவாருக்கு அதுதான் முதல் வெற்றி.

1953க்கு அவர்கள் நிதானமாக வேலை செய்தார்கள். செய்யரின் புது உடல் போயிற்று; பழைய உருவமே, மெல்லிய அலுமினியத் தகட்டில். பெட்ரோல் டாங்க்குக்கு விமானத்தில் வைப்பது போன்ற ரப்பர் பை. நான்கு சக்கரத்திலும் டிஸ்க். பிறகுதான் எஞ்சினுக்கு வந்தார்கள். இந்த வரிசை எனக்குப் பிடித்திருக்கிறது.

எஞ்சின் அதே 3,442 சிசி, இரட்டைக் கேம்ஷாஃப்ட் எக்ஸ்கே. 200 குதிரைத்திறனை 220 ஆக்கியது பெரும்பாலும் கார்புரேட்டர் மாற்றம். இரண்டு எஸ்யூ கார்புரேட்டர்களைக் கழற்றிவிட்டு, மூன்று வெபர் 40 டிசிஓ3 வைத்தார்கள். எஸ்யூ நல்ல குணமுள்ள சாதனம்: காற்றோட்டத்துக்கு ஏற்பத் தன் தொண்டையைத் தானே பெரிதாக்கிக்கொள்ளும், ஆறு சிலிண்டருக்கும் இரண்டு பேர் பரிமாறுவார்கள். வெபரில் ஒன்றுக்கு இரண்டு தொண்டை, மூன்றுக்கு ஆறு. சிலிண்டருக்கு ஒரு தொண்டை என்று பங்கு பிரிந்துவிடும். பக்கத்துச் சிலிண்டர் உறிஞ்சுவதைப் பங்கு கேட்காது. உச்ச சக்தியில் பத்து சதவீதம் கூடியதை விட, நடு வேகத்தில் எஞ்சின் இழுக்கும் இழுப்பு கூடியதுதான் ஆதாயம். ஏனென்றால் நல்ல பிரேக் திருப்பத்துக்குள் போகும்போது நேரத்தை மிச்சப்படுத்தும். மிச்சமானதைத் திருப்பத்தை விட்டு வெளியே வரும்போது காப்பாற்ற வேண்டியது பிக்கப்.

வெபரை டியூன் செய்வது பொறுமைக்கான சோதனை. மெயின் ஜெட், ஏர் ஜெட், இரண்டுக்கும் நடுவே பெட்ரோலில் காற்றைக் கலந்து நுரைக்க வைக்கும் துளையிட்ட குழாய், தொண்டையின் குறுக்களவு எல்லாமே கழற்றி மாற்றக்கூடியவை. எண் பொறித்த பித்தளைத் துண்டுகள் ஒரு டப்பா நிறைய இருக்கும். மூன்றும் ஒரே அளவு திறக்க வேண்டும். ஒரு ரப்பர் குழாயின் ஒரு முனையைக் காதில் வைத்து, மறு முனையை ஒவ்வொரு தொண்டையாக வைத்துக் காற்று சீறும் சத்தத்தை ஒப்பிட்டு ஸ்க்ரூவைத் திருப்புவார்கள். முழு வேகத்தில் ஓட்டி, அப்படியே எஞ்சினை அணைத்து, கிளட்சை மிதித்து உருட்டி வந்து நிறுத்தி, பிளக்கைக் கழற்றிப் பார்க்க வேண்டும். பீங்கான் கறுத்திருந்தால் பெட்ரோல் அதிகம். வெளுத்திருந்தால் காற்று அதிகம், பிஸ்டனுக்கு ஆபத்து. இளம் பழுப்பாக இருந்தால் அன்றைக்குச் சாப்பிடப் போகலாம்.

1953 லெ மான் பந்தயத்தை ஜெயித்தவர்கள் டோனி ரோல்ட், டங்கன் ஹாமில்டன். ரோல்ட் போரில் ஜெர்மானியரிடம் பிடிபட்டு, கோல்டிட்ஸ் கோட்டைச் சிறையின் மச்சில் ரகசியமாகக் கிளைடர் விமானம் கட்டிய கூட்டத்தில் ஒருவர். பயிற்சியின்போது எண் குழப்பத்தில் தங்கள் கார் தகுதியிழந்துவிட்டது என்று நினைத்து இருவரும் விடிய விடியக் குடித்தார்கள் என்றும், காலையில் தள்ளாடியபடி வந்து காரில் ஏறினார்கள் என்றும் ஒரு கதை உண்டு. ஹாமில்டனே சுவைபடச் சொல்லி வந்தார்; அணி மேலாளர் லோஃப்டி இங்லண்ட் கடைசி வரை மறுத்தார். இங்லண்ட் சொன்னதே நம்பும்படி இருக்கிறது. 304 சுற்று, சராசரி மணிக்கு 170 கிலோமீட்டர். லெ மானில் சராசரி நூறு மைலைத் தாண்டியது அதுவே முதல் முறை. தலை கிறுகிறுத்த ஆளால் ஆகிற காரியம் இல்லை.

மூன்றாவதாக வந்த கன்னிங்ஹாமை ஓட்டிய இருவரில் ஒருவர் ஜான் ஃபிட்ச். இரண்டு ஆண்டு கழித்து, 1955 ஜூன் 11, மெர்சிடிஸ் அணியில் பியர் லெவேவின் ஜோடி ஓட்டுநராகத் தன் முறைக்காக அதே லெ மானில் காத்துக்கொண்டிருந்தார். பிட்டுக்குள் போக மைக் ஹாதார்ன் தன் ஜாகுவார் டி-டைப்பை அழுத்தி நிறுத்த, பின்னால் வந்த லான்ஸ் மெக்லினின் ஆஸ்டின்-ஹீலி இடப்பக்கம் ஒதுங்க, அதன் முதுகில் ஏறிய லெவேவின் கார் கூட்டத்துக்குள் பாய்ந்தது. எண்பதுக்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள், லெவேவும்தான். டிஸ்க் போட்ட கார் சட்டென்று நிற்க, டிரம் போட்ட கார் நிற்க முடியாமல் போனதே காரணம் என்று எளிதாகச் சொல்லிவிடுவார்கள். மெர்சிடிஸில் இருந்தது டிரம்தான். அந்தக் குறையை ஈடுகட்ட, முதுகில் காற்றைத் தடுக்க நிமிரும் ஒரு பெரிய பலகையும் வைத்திருந்தார்கள். ஆனால் நடுவில் மாட்டிய மெக்லினின் காரிலும் டிஸ்க் இருந்தது. குறுகிய பாதையும், பிட்டையும் ஓடுபாதையையும் பிரிக்கச் சுவர் இல்லாததும் கணக்கில் வர வேண்டியவை. விசாரணை எந்த ஓட்டுநரையும் குற்றவாளி ஆக்கவில்லை. ஃபிட்ச் பின்னாளில் அமெரிக்க நெடுஞ்சாலைகளுக்காக மணல் நிரப்பிய பிளாஸ்டிக் பீப்பாய்த் தடுப்பை உருவாக்கினார். பாலத் தூண்களுக்கு முன்னால் மஞ்சள் பீப்பாய்களாக அடுக்கி வைத்திருப்பார்களே, அதுதான். பிரேக் பிடிக்காமல் வரும் காரின் வேகத்தை மணல் வாங்கிக்கொள்கிறது.

தட்டு சாலைக்கு வந்தது வேகமாக நடந்தது. 1955இல் சிட்ரோயன் டிஎஸ், 1956இல் கிர்லிங் கம்பெனியின் டிஸ்க்கோடு டிரயம்ஃப் டிஆர்3, 1957இல் நான்கு சக்கரத்திலும் டன்லப் டிஸ்க்கோடு ஜாகுவார் எக்ஸ்கே150. அந்தக் கிர்லிங் என்ற பெயர்தான் கதையைச் சென்னைக்குக் கொண்டுவருகிறது. 1962இல் டிவிஎஸ் குழுமமும் லூகாஸ் கிர்லிங்கும் சேர்ந்து பாடியில் பிரேக்ஸ் இந்தியா நிறுவனத்தைத் தொடங்கின. அப்போது நம் சாலையில் ஓடிய அம்பாசடருக்கு நான்கு பக்கமும் டிரம். அதற்குப் பல ஆண்டுகள் கழித்தே சாதாரணக் குடும்பக் காரின் முன்சக்கரத்தில் தட்டு வந்து உட்கார்ந்தது.

பந்தயம் அதற்கு முன்பே வந்துவிட்டது. மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் தொடங்கியதும் அதே 1953. டூயிஸ் பிரேக் சோதித்தது போலவே, இங்கேயும் போர்க்காலத்தில் போட்ட ஓடுதளம்தான் மைதானம்: சோழவரம். 1990இல் ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் இருங்காட்டுக்கோட்டையில் கிளப் தனக்கென்று 3.7 கிலோமீட்டர் பாதை கட்டிக்கொண்டது. வீட்டுக் காராக ஓய்வுபெற்ற மாருதி எஸ்டீம்கள் இங்கே பல ஆண்டு பந்தயக் காராக ஓடின: முன்னால் தட்டு, பின்னால் டிரம், இலகுவான உடல், முறுக்கினால் சுற்றும் 1.3 லிட்டர் எஞ்சின்.

இப்படி ஒரு பழைய காரை வாங்கி டிராக்குக்குத் தயார் செய்ய நினைக்கும் பையன்கள் முதலில் கேட்பது எக்ஸாஸ்ட், ஈசியு ரீமேப், குதிரைத்திறன். அனுபவமுள்ள மெக்கானிக் முதலில் பிரேக் ஆயிலைத்தான் பார்ப்பார். அது காற்றின் ஈரத்தை உறிஞ்சும். டாட் 4 தர ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி வரை கொதிக்கக் கூடாது; ஈரம் ஏறிய பின் 155 டிகிரி தாங்கினாலே அந்தத் தரத்துக்குப் போதும். ஏப்ரல் மாதச் சென்னை வெயிலில், இரண்டு வருடம் மாற்றாத ஆயிலோடு இறங்கினால் நாலைந்து சுற்றில் பெடல் மெத்தென்று போக வாய்ப்பு அதிகம். ஆயிலுக்குப் பிறகு பேட். வீட்டுக் காரின் பேட் காலையில் குளிர்ந்த நிலையிலும் பிடிக்கும்படி செய்தது. டிராக் பேட்டைச் சூடாக்கினால்தான் பிடிக்கும், ஆனால் ஆறினால் கீச்சிடும். லான்செஸ்டர் காலத்து சத்தம் இன்னும் தீரவில்லை. பிறகு ரப்பர் குழாய்க்குப் பதில் எஃகு இழை பின்னிய குழாய், முன்பம்பரிலிருந்து தட்டுக்குக் காற்றைக் கொண்டுபோகும் ஒரு பைப். பெரிய தட்டும் பெரிய கேலிப்பரும் கடைசியில்தான். அதை மாட்டினால் ரிம் இடிக்கும், பெரிய ரிம் வேண்டும். முன் பிரேக் மட்டும் பலமானால் பின்சக்கரம் சும்மா வரும், அழுத்தத்தைப் பிரித்துக் கொடுக்கும் வால்வைத் தொட வேண்டும். இதெல்லாம் முடிந்து, கார் நம்பி மிதிக்கும்படி நிற்கிறது என்றான பிறகு எஞ்சினைத் திறந்தால், கூட்டிய ஒவ்வொரு குதிரையும் பாதையில் பயன்படும்.

சூடான சுற்று முடிந்து பிட்டுக்குள் வரும் புதியவர்கள் பழக்கத்தில் ஹேண்ட்பிரேக்கை இழுத்துவிடுவார்கள். டிரம் ஆறிச் சுருங்கும்போது ஷூவைக் கவ்விக்கொள்ளும். பின்னாலும் தட்டு உள்ள காராக இருந்தால், கொதிக்கும் பேட் ஒரே இடத்தில் அழுந்தித் தட்டில் தடம் பதித்துவிடும். அதனால் கார் உருண்டு வரும்போதே மெக்கானிக் கையை ஆட்டிக் கத்துவார்: “இழுக்காதீங்க தம்பி, கியர்ல போட்டு விடுங்க, டயருக்கு நான் கல்லு வெக்கிறேன்.”